மூன்று முறை பிறந்த பட்டம்: ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலா பற்றி

வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு வம்சாவளித் தாள் கொடுத்தார்கள். "போவிஸ் ஏர்ல்கள், 1674 முதல் இன்று வரை" என்று தலைப்பு. ஏர்ல் என்பது பிரிட்டனில் தலைமுறை வழி வரும் ஒரு பிரபுப் பட்டம். அதன் கீழ் மேலிருந்து அடிவரை ஒரே கோடு. கோட்டின் ஓரத்தில் பெயர்கள், ஆண்டுகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். "முதலாம் ஏர்ல்" என்று மூன்று இடத்தில் இருந்தது. ஒரே கோட்டில் எப்படி மூன்று முதலாம் ஏர்ல்கள் இருக்க முடியும்? 1748-இல் ஒரு முறையும் 1801-இல் ஒரு முறையும் அந்தக் கோடு அறுந்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்த கண்ணுக்கு இது பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டு இடத்திலும் குறுக்குக் கோடு போட்டுவிட்டுத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இந்தக் குறையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றபடி இந்தச் சுற்றுலா நான் இங்கிலாந்து வந்ததிலிருந்து செலவழித்த எழுபது பவுண்டுகளிலேயே மிக நல்ல எழுபது பவுண்டு.

பர்மிங்காமில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது போய்வந்தது இது. ஷ்ரூஸ்பரி நகரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணம். நடத்துபவர் ஓர் ஓய்வுபெற்ற அம்மையார். அவரே ஓட்டுநர், அவரே வழிகாட்டி. எட்டுப் பேர் உட்காரும் வேன். அன்று நாங்கள் ஆறு பேர். தனி ஒருவரின் சேவை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பிரபுப் பட்டம் ஒன்று எப்படி உண்டாகிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்படி அற்றுப்போகிறது என்பதைப் போவிஸ் ஏர்ல் பட்டம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இடம் இடமாகக் காட்டுகிறார். அரண்மனைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் காட்டி முடிக்கும் பயணங்களில் இரண்டு முறை போய் ஏமாந்திருந்த எனக்கு, ஒரே ஒரு பட்டத்துக்கு ஒரு முழு நாள் என்பதே பிடித்துப்போனது.

நான் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹென்ரியட்டா கிளைவ் என்ற பெண்மணி 1800-ஆம் ஆண்டில் தன் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சை என்று மாதக்கணக்கில் சுற்றியவர். அப்போது அவருடைய கணவர் எட்வர்ட் கிளைவ் சென்னை மாகாணத்தின் கவர்னர். பிளாசிப் போர் ராபர்ட் கிளைவின் மூத்த மகன். எங்கள் திருச்சிக்கு வந்துபோன அந்த அம்மாள் பிறந்த குடும்பம்தான் போவிஸ். வேல்ஸ் எல்லைக்குள் அவர் வீட்டை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக இருந்தது.

முதல் நிறுத்தம் ஷ்ரூஸ்பரி சதுக்கத்தில் இருக்கும் ராபர்ட் கிளைவின் வெண்கலச் சிலை. 1860-இல் வைத்தது. நகரத்துக்கு அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருந்தவர். சிலையின் கீழே நின்று அம்மையார் போரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "இவருக்குக் கிடைத்த பட்டத்தைக் கவனியுங்கள்" என்று தொடங்கினார். 1762-இல் ராபர்ட் கிளைவுக்குக் கொடுத்தது அயர்லாந்துப் பிரபு வரிசையில், கடைசிப் படியான பாரன் பட்டம். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஒரு நிலத்தை வாங்கி அதற்குப் பிளாசி என்று பெயர் வைத்து, "பிளாசியின் பாரன் கிளைவ்" ஆனார். அயர்லாந்துப் பட்டம் வைத்திருப்பவருக்கு லண்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. வங்கத்திலிருந்து அத்தனை செல்வத்தை வாரிக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சபையின் கதவு கடைசிவரை திறக்கவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறையாகவே இருந்திருக்கிறது. மகன் எட்வர்டுக்குத்தான் 1794-இல் பிரிட்டன் வரிசையில் பாரன் பட்டம் கிடைத்தது. பட்டங்களுக்குள்ளும் மேல்படி, கீழ்படி உண்டு என்பதை இவ்வளவு எளிதாக ஒரு சிலையின் நிழலில் நின்று சொல்லிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்து மாண்ட்கமரி. சின்னஞ்சிறு ஊர். மேட்டில் புனித நிக்கோலஸ் தேவாலயம். உள்ளே ரிச்சர்ட் ஹெர்பர்ட் என்பவரின் கல்லறை மண்டபம். அவர் இறந்தது 1596. கவசம் அணிந்த அவர் உருவமும் பக்கத்தில் மனைவி மாக்டலின் உருவமும் கிடக்க, பின்னால் பிள்ளைகளின் சிறு உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களில் ஒருவர் எட்வர்ட், தத்துவ அறிஞர். 1629-இல் செர்பரியின் ஹெர்பர்ட் பிரபு ஆனவர். இன்னொருவர் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட். மாக்டலின் உருவம் இங்கே கிடந்தாலும் அவர் உடல் இங்கே இல்லை. கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டு 1627-இல் இறந்த அவரை லண்டனுக்கு அருகில் செல்சியில் புதைத்தார்கள். அந்தக் கல் முகத்தின் அருகில் போய் நின்று சிறிது நேரம் பார்த்தேன். கழுத்துப் பட்டையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்; வண்ணம் இன்னும் இருக்கிறது.

வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஆலயத்துப் பலகைகளிலேயே உட்காரவைத்து அம்மையார் பாடத்தை நடத்தினார். நாளின் மிகச் சிறந்த முக்கால் மணி நேரம் அதுதான்.

பட்டம் என்பது அரசர் முத்திரையிட்டுக் கொடுக்கும் பட்டயத்தில் பிறக்கிறது. அந்தப் பட்டயத்தில் ஒரு வரி இருக்கிறது. எல்லாம் அந்த வரியில்தான். பெரும்பாலும் அது, பட்டம் பெறுபவரின் உடலில் முறையாகப் பிறந்த ஆண் சந்ததிக்கு என்று எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை யாரும் மாற்ற முடியாது. பட்டம் வைத்திருப்பவர்கூட மாற்ற முடியாது. எங்களுடன் வந்திருந்த ஒரு பெரியவர், "உயில் எழுதி வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். முடியாது. விற்கவும் முடியாது, தானம் செய்யவும் முடியாது. நிலத்தை, வீட்டை, ஓவியத்தை உயில்வழி யாருக்கும் விடலாம். பட்டம் மட்டும் பட்டய வரி போன வழியில்தான் போகும். வேண்டாம் என்று உதறுவதற்கும் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வழியில்லை. அந்தச் சட்டத்தின்படி உதறினாலும் அவர் ஆயுள்வரைக்கும்தான். அவர் இறந்ததும் அடுத்த வாரிசிடம் அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆண் சந்ததி முழுவதும் தீர்ந்துபோனால் பட்டம் அற்றுப்போகிறது. அதன்பின் அதே பெயரில் அரசர் வேறு ஒருவருக்குப் புதிதாகக் கொடுக்கலாம். கொடுத்தால் அது புதுப் பிறப்பு. எண்ணிக்கையும் முதலிலிருந்து தொடங்கும். வாரிசு எங்காவது இருக்கலாம், ஆனால் யாரும் நிரூபித்துக்கொண்டு வரவில்லை என்றால் அதற்கு உறங்கும் பட்டம் என்று பெயர். 2004-இல் பிரபுக்களுக்கென்று ஒரு பதிவேடு திறந்திருக்கிறார்கள். தந்தை இறந்தபின் மகன் தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று எல்லாவற்றையும் கொடுத்து நிரூபித்தால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். ஏறாதவரை அரசு ஆவணம் எதிலும் அந்தப் பட்டத்தால் அவரை அழைக்க மாட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு என் அலுவலக மேசையே எதிரில் வந்து நின்றது. தாலுகா அலுவலகத்து வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

இவ்வளவு துல்லியமாகப் பாடம் சொல்லத் தெரிந்தவர் கையிலா அந்த ஒற்றைக் கோட்டுத் தாள் என்ற வருத்தம் அப்போதுதான் கூடியது. எழுந்துபோய், பென்சில் கோடு போட்ட என் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தாளைத் தயாரித்தது அச்சகக்காரர் என்றும், தான் சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். முகவரி கேட்டு எழுதிக்கொண்டார்.

பிற்பகல் முழுவதும் போவிஸ் கோட்டை. வெல்ஷ்பூல் ஊருக்கு வெளியே, செந்நிறக் கல்லில் பாறை முகட்டில் நிற்கிறது. வேல்ஸ் மொழியில் இதற்குச் செங்கோட்டை என்றே பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர் ஒருவர் கட்டியது. 1587-இல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் வாங்கியதிலிருந்து ஹெர்பர்ட் குடும்பத்தின் கையில். மாண்ட்கமரியில் பார்த்த ஹெர்பர்ட்கள் வேறு கிளை. இவர்கள் வேறு கிளை. இந்த வேறுபாடு பின்னால் பெரிய காரியம் ஆகிறது. நுழைவுச் சீட்டு எழுபது பவுண்டில் சேராது, தனியாக வாங்க வேண்டும்.

முதல் பிறப்பு 1674. இந்தக் கோட்டையின் மூன்றாவது பாரன் வில்லியம் ஹெர்பர்டை இரண்டாம் சார்லஸ் மன்னர் ஏர்ல் ஆக்கினார். இவர்கள் கத்தோலிக்கர்கள். மன்னரைக் கொல்லச் சதி என்று ஒரு பொய்ப் புரளி கிளம்பி நாடே கொந்தளித்த 1678-இல், இவரையும் இன்னும் நான்கு கத்தோலிக்கப் பிரபுக்களையும் லண்டன் டவர் சிறையில் போட்டார்கள். 1684 வரை உள்ளேயே இருந்தார். அடுத்து வந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரும் கத்தோலிக்கர் என்பதால் 1687-இல் ஏர்லுக்கு அடுத்த மேல்படியான மார்க்விஸ் ஆக உயர்த்தினார். இரண்டு ஆண்டுகூட நிம்மதியாக இருக்கவில்லை. 1688-இல் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, இவரும் பிரான்சுக்குப் போனார். அரச குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் இருந்த இவர் மனைவி எலிசபெத், கைக்குழந்தை இளவரசரோடு கடல் தாண்டினார். நாடு இழந்த மன்னர் பிரான்சில் இருந்தபடியே இவரைப் போவிஸ் டியூக் ஆக்கினார். இங்கிலாந்து அந்தப் பட்டத்தை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவாகாத பத்திரம் கையில் இருந்து என்ன பயன்? 1696-இல் அங்கேயே இறந்தார். புது மன்னர் வில்லியம் இந்தக் கோட்டையைத் தன் ஆதரவாளரான ராச்ஃபோர்ட் ஏர்லுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாவது மார்க்விஸ் 1722-இல்தான் திரும்பப் பெற்றார்.

அரசப் படுக்கையறையில் இதை நின்று சொன்னார் அம்மையார். கட்டில் இருக்கும் மாடத்துக்கும் அறைக்கும் நடுவே ஒரு மரக் கைப்பிடித் தடுப்பு. பிரெஞ்சு அரண்மனை வழக்கம் இது. யார் யார் தடுப்புக்கு உள்ளே வரலாம் என்பதே தகுதியைக் காட்டும். மன்னர் சார்லசின் பெயரெழுத்துகளைப் பொன்னிறத்தில் பொறித்திருக்கிறார்கள். கைப்பிடியின் உருண்டைக் கால்களில் பொன் பூச்சு சில இடத்தில் தேய்ந்து, அடியில் பழுப்பு மரம் தெரிகிறது. அரசருக்காக இவ்வளவு செய்த குடும்பம் அரசராலேயே எல்லாம் இழந்தது.

இந்த முதல் ஏர்லின் மகள் ஒருத்தியைப் பற்றி வேனில் போகும்போது இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். அது எனக்குக் குறை. வினிஃப்ரெட் என்பது அவள் பெயர். ஸ்காட்லாந்தின் நித்ஸ்டேல் ஏர்லை மணந்தவள். நாடு இழந்த ஜேம்சின் மகனை அரியணையில் ஏற்ற 1715-இல் எழுந்த கலகத்தில் சேர்ந்த கணவனுக்கு மரண தண்டனை. 1716 பிப்ரவரியில், தலை வெட்டப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, டவர் சிறைக்குள் தோழிகளோடு போய், கணவனுக்குப் பெண் உடை போட்டு, முகத்துக்கு வண்ணம் பூசி, வெளியே அனுப்பிவிட்டு, வெற்று அறைக்குள் அவனோடு பேசுவதுபோல் இரு குரலிலும் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுப் பெண்ணின் கதை இது. கோட்டைக்குள் ஓர் அறையில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியது.

மூன்றாவது மார்க்விஸ் மணமாகாமல் 1748-இல் இறந்தார். முதல் பிறப்பு அங்கே முடிந்தது. தம்பி முன்பே இறந்திருந்தார். தம்பிக்கு ஒரு மகள் மட்டும் இருந்தாள், பார்பரா. பதின்மூன்று வயது. பட்டம் அவளுக்கு வராது. சொத்தாவது வந்திருக்கலாம், உயில் அதையும் ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட் என்ற தூரத்து உறவினருக்குக் கொடுத்துவிட்டது. மாண்ட்கமரியில் கல்லறை பார்த்தோமே, அந்தச் செர்பரிக் கிளைக்காரர். அதே 1748 மே மாதம் மன்னர் அவருக்குப் போவிஸ் ஏர்ல் பட்டத்தைப் புதிதாகக் கொடுத்தார். இரண்டாம் பிறப்பு. 1751-இல் அவர் பார்பராவை மணந்தார். அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதினாறுகூட ஆகியிருக்குமோ என்னவோ.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ விடுதலைப் பத்திரங்களைப் பதிவு செய்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குத் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து அக்கா தங்கைகள் கையெழுத்துப் போடும் பத்திரம். ஒரு முறை, விரலில் மை தொட்டு ரேகை வைத்த ஒரு பெண், மை காய்வதற்குள் முந்தானையில் துடைத்தபடி "இனி அந்த வீட்டுக்கு நான் போனால் விருந்தாளிதானே அம்மா?" என்று என்னிடம் கேட்டாள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. வந்த பின்பும் இந்தப் பத்திரங்கள் குறையவில்லை. பார்பராவுக்கு ஒரு கையெழுத்துப் போடும் தேவைகூட வரவில்லை. தன் தாத்தா வீட்டுக்கே மருமகளாக வந்தாள். கோட்டையின் சுவரில் அவள் ஓவியத்தைத் தேடினேன். அந்த அறைகளில் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. வம்சாவளித் தாளில் அவள் பெயர் மனைவி என்ற குறிப்பாகச் சின்ன எழுத்தில் இருந்தது. பழைய குடும்பத்தின் இரத்தம் அவள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போனது. கோடு என்று ஒன்று உண்டென்றால் அது அவள் மேல்தான் போக வேண்டும்.

அவளுக்கு ஜார்ஜ் என்று ஒரு மகன், ஹென்ரியட்டா என்று ஒரு மகள். ஜார்ஜ் 1772-இல் இரண்டாவது ஏர்ல் ஆனார். கோட்டையைக் கவனிக்காமல் பாழாகவிட்டு, கடன் வைத்து, மணமாகாமல் 1801-இல் இறந்தார். இரண்டாம் பிறப்பும் முடிந்தது. அவர் இறந்த அதே ஆண்டுதான் ஹென்ரியட்டா இந்தியாவிலிருந்து கப்பலேறினார். அண்ணனின் சொத்து, ஹென்ரியட்டாவின் மூத்த மகனுக்குப் போனது. கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. 1807-இல் அப்படியே மாற்றிக்கொண்டார். பட்டம்? சகோதரி உயிரோடு இருக்கிறார், வீட்டின் மகள் அவர்தான். ஆனாலும் 1804-இல் மன்னர் போவிஸ் ஏர்ல் பட்டத்தைக் கொடுத்தது கணவர் எட்வர்ட் கிளைவுக்கு. மூன்றாம் பிறப்பு. தன் பிறந்த வீட்டின் பட்டம் ஹென்ரியட்டாவுக்குக் கணவர் வழியாக, ஏர்லின் மனைவி என்ற முறையில் வந்து சேர்ந்தது.

ரெனால்ட்ஸ் வரைந்த ஹென்ரியட்டாவின் ஓவியம் கோட்டையில் இருக்கிறது. மணமாவதற்கு முன் வரைந்தது. அதன் முன்னால் அம்மையார் ஐந்து நிமிடம் யாரையும் பேசவிடாமல் நிறுத்தினார். பிறகு, அந்தப் பெண் பயணத்தில் கற்களையும் கனிமங்களையும் சேர்த்தவர் என்றும், அந்தச் சேகரிப்பு இப்போது வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். அவருடைய இளைய மகள் சார்லட், திருச்சி வழியாகப் போன அந்தச் சிறுமி, பின்னாளில் நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவியாகி, இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியப் பொறுப்பேற்றார். நான் திருச்சியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊரின் பெயரை மூன்று முறை சொல்லிப் பழகினார். "திரிச்சினாப்பொலி" என்றுதான் அவர் அதுவரை படித்திருந்தாராம்.

கிளைவ் அருங்காட்சியகத்தில் எனக்கு வருத்தமே மிஞ்சியது. 1987-இல் கோட்டைக்குள் தனியாக அமைத்தது. தந்தை மகன் இருவர் காலத்திலும் இந்தியாவிலிருந்து வந்த பொருள்கள்: தந்தம், வாள், பட்டு, வெள்ளி. திப்பு சுல்தானின் கூடாரத் துணியில் ஒவ்வொரு பலகத்திலும் பூச்செடிகள் அச்சிட்டிருக்கின்றன. சிம்மாசனத்தின் சுற்றுக் கைப்பிடியில் இருந்த சிறு புலித் தலைகளில் ஒன்று இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். பொன் தகடு, அதில் பதித்த சிவப்புக் கல், வைரம். வாய் திறந்திருக்கிறது, பல் ஒவ்வொன்றும் தெரிகிறது. 1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாள். சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கு போட்டார்கள். அப்போது சென்னையில் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் எட்வர்ட் கிளைவ். ஐந்து ஆண்டில் அவர் ஏர்ல். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வார்த்தை அம்மையார் பேசுவார் என்று காத்திருந்தேன். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கொடுத்தார். இந்த அறைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பட்டம் எப்படி உண்டாகிறது என்று காட்டக் கிளம்பியவர், மூன்றாவது பட்டம் எந்தப் பணத்தில், எந்தப் போரில் உண்டானது என்பதை இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். இதை அவரிடமே நேராகச் சொன்னேன். மறுக்கவில்லை.

மூன்றாம் பிறப்பு இன்றுவரை நிலைத்திருக்கிறது. இப்போது எட்டாவது ஏர்ல். நடுவில் பல முறை பக்கவாட்டில் தாவியிருக்கிறது. இரண்டாவது ஏர்ல் 1848-இல் வேட்டையில் தன் மகனின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு இறந்தார். மூன்றாவது ஏர்லுக்கு மணமில்லை. 1891-இல் தம்பி மகனுக்குப் போனது. அந்த நான்காவது ஏர்ல் கதைதான் என்னை இரவு தூங்கவிடவில்லை. மூத்த மகன் 1916-இல், முதல் உலகப் போரில், பிரான்சின் சோம் போர்க்களத்துக் காயத்தால் இறந்தார். மனைவி வயலட் 1929-இல் கார் விபத்துக்குப் பின். இளைய மகன் மெர்வின் 1943-இல் விமானப்படைப் பணியில். 1952-இல் அவர் இறந்தபோது மகளும் பேத்தியும் உயிரோடு இருந்தார்கள். ஏர்ல் பட்டம் அவர்களைத் தாண்டி உறவினர் ஒருவருக்குப் போனது. கோட்டையை அவர், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டிருந்தார். அப்படியாக வீடு ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கம்.

இதில் இன்னொரு பட்டம் குறுக்கே வருகிறது. வயலட் தன் சொந்த உரிமையில் டார்சி டி நேத் பாரன் பட்டம் உடையவர். அது 1332-இல் நாடாளுமன்ற அழைப்பாணை வழி உண்டான பழைய பட்டம். பட்டய வரி இல்லாததால் மகன் இல்லாவிட்டால் மகளுக்கும் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட மகள்கள் இருந்தால் யாருக்கும் போகாமல் நடுவில் தொங்கும். மன்னர் தீர்த்துவைத்தால்தான் உயிர் பெறும். அப்படித் தொங்கிக்கொண்டிருந்ததை 1903-இல் வயலட்டுக்குத் தீர்த்துக்கொடுத்தார்கள். அவருக்குப் பின் மகன் மெர்வின். 1943-இல் மெர்வின் இறந்ததும் அது அவருடைய மகள் டவினாவுக்கு வந்தது. நான்கு வயதுச் சிறுமி. பதினான்கு வயதில் தாத்தாவின் ஏர்ல் பட்டம் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்த அதே பெண், 1963 சட்டம் பெண்களுக்குக் கதவைத் திறந்தபின் பாட்டியின் பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். விபத்தில் நடக்கும் திறனை இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி, மாற்றுத்திறனாளிகளுக்காக 2008-இல் இறக்கும்வரை அங்கே பேசினார். ஒரே வீடு, இரண்டு பட்டம், இரண்டு விதி. அம்மையார் இதைச் சொன்னது கோட்டையின் அடுக்குத் தோட்டத்தில், வயலட் சீரமைத்த பூப்பாத்திகளின் நடுவே நின்று. இடத் தேர்வு என்றால் இது.

அந்தத் தோட்டத்துக்கு எச்சரிக்கை: பாறையைக் குடைந்து அடுக்கடுக்காக இறங்கும் படிகள். மழைக்குப் பின் வழுக்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுவாருங்கள். யூ மரங்களை மேகம்போல் உருட்டி உருட்டி வெட்டியிருக்கிறார்கள், தென்னை உயரம். மயில்கள் உலாவுகின்றன. உணவு கட்டணத்தில் சேராது. கோட்டை முற்றத்தில் தேநீரோடு, தேநீரில் ஊறிய உலர்திராட்சை போட்ட வேல்ஸ் ரொட்டி வாங்கினேன். வெண்ணெய் தடவி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மகளுக்கு ஒன்று பொட்டலம் கட்டிக்கொண்டேன். முட்டை சேராத சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது.

காலையில் வேன் நாற்பது நிமிடம் தாமதம். ஷ்ரூஸ்பரி நிலையத்துக்கு வெளியே காற்றில் நின்றோம். ஒரு தகவல்கூட வரவில்லை. வந்தபின் மன்னிப்புக் கேட்டார், மாலையில் அந்த நாற்பது நிமிடத்தைக் கூட்டியும் கொடுத்தார். ஓட்டிக்கொண்டே பேசுவதால் பின்வரிசையில் பாதி கேட்காது. முன்வரிசையில் உட்காருங்கள். பட்டங்களின் பெயர் ஆங்கிலத்திலேயே பல பேருக்குக் குழப்பம் என்பதால், போவதற்கு முன் பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்விஸ், டியூக் என்ற ஏறுவரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும்; மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. புது வம்சாவளித் தாள். 1748-இலும் 1801-இலும் கோடு அறுந்திருக்கிறது. மூன்று கோடுகள், மூன்று முதலாம் ஏர்ல்கள். பார்பராவின் பெயரும் ஹென்ரியட்டாவின் பெயரும் ஏர்ல்களின் எழுத்து அளவிலேயே, முதல் கோட்டிலிருந்து இரண்டாவதுக்கும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும் போகும் புள்ளிக்கோட்டின் மேல் இருக்கின்றன. ஓரத்தில் பேனாவால், அருங்காட்சியகத்துக்கு இனி ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தார். ஹென்ரியட்டா இறந்த ஆண்டை மட்டும் 1820 என்று அச்சிட்டுவிட்டார்கள். 1830 என்று திருத்தி அன்றே பதில் அனுப்பிவிட்டேன்.